மூன்று முறை உடைக்கப்பட்ட நடைபாதை: யாரிடம், எப்போது கேட்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். மும்பையின் மேற்குப் புறநகரில், கடலுக்கு ஐந்து நிமிட நடையில் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். நாலு வருஷத்தில் உங்கள் தெரு நடைபாதையை மூன்று தடவை உடைத்துவிட்டார்கள். இப்போது தெருமுனையில் மேம்பாட்டுப் பணி என்று பலகை நட்டு, புது நடைபாதை, அலங்கார விளக்கு, கடலைப் பார்த்த கைப்பிடிக் கம்பி, உட்கார மேடை எல்லாம் படமாகப் போட்டிருக்கிறார்கள். "இது திருட்டா, திறமைக் குறைவா? மராத்தி சரியாக வராத எங்களைப் போன்றவர்கள் சொன்னால் யாராவது கேட்பார்களா?" என்று முடித்திருக்கிறீர்கள். திருட்டா இல்லையா என்பது மேலே தெரிகிற கேள்வி. எந்தக் கட்டத்தில், யாரிடம், எதைச் சொன்னால் இந்த வேலை நல்லபடியாக மாறும் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் சிவில் இன்ஜினியர். திருநெல்வேலிப் பக்கம் படித்துவிட்டு இங்கே வந்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. அதில் பாதிக்கு மேல் வார்டு அளவிலான வேலைகளிலேயே போனது: மழைநீர்க் கால்வாய், நடைபாதை, சால்களுக்கு (வரிசையாக ஒற்றை அறை வீடுகள் உள்ள பழைய குடியிருப்புகள்) நடுவே உள்ள சந்துகள், கடலோரத் தடுப்புச் சுவர். கன்சல்டன்ட் பக்கமும் இருந்திருக்கிறேன், கான்ட்ராக்டர் பக்கமும் இருந்திருக்கிறேன். மாநகராட்சி ஊழியராக இருந்ததில்லை. ஆகவே ஆபீஸுக்குள் கோப்பு நகர்வதை வெளியிலிருந்து பார்த்த அளவுக்குத்தான் சொல்ல முடியும். உங்கள் தெருவையும் நான் பார்க்கவில்லை. எது உறுதி, எது என் ஊகம் என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

மூன்று முறை உடைத்ததை வைத்து மட்டும் திருட்டு என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஒரு நடைபாதைக்கு மேல்பரப்பு ஒன்றுதான், கீழே சொந்தக்காரர்கள் பலர். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் மாநகராட்சியுடையவை என்றாலும் இரண்டுக்கும் தனித்தனி துறை. மழைநீர்க் கால்வாய்க்கு மூன்றாவது துறை. அப்புறம் கேஸ் குழாய், மின்சாரக் கேபிள், நாலைந்து தொலைபேசி கம்பெனிகளின் ஃபைபர். வெளி நிறுவனங்கள் பள்ளம் தோண்ட அனுமதி வாங்கி, மூடுவதற்கான கட்டணத்தைக் கட்டிவிட்டுத் தோண்டுகின்றன. மழைக்காலத்தில் பள்ளம் தோண்டத் தடை உண்டு. மே 31-க்குள் மூட வேண்டும், அக்டோபர் 1-க்கு மேல்தான் மறுபடி ஆரம்பிக்கலாம். ஆக எல்லாருக்கும் கிடைப்பது அதே எட்டு மாதம். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால் பணத்தைச் செலவழித்துக் கணக்கு முடிக்கும் அவசரமும் அதற்குள்ளேயே வந்துவிடும். நடைபாதைத் துறை ஜனவரியில் பேவர் பிளாக் போட, கேபிள்காரர் மார்ச்சில் அதைப் பெயர்ப்பதை நான் எத்தனையோ தெருக்களில் பார்த்திருக்கிறேன். அந்த இடங்களில் யாரும் திருடவில்லை. ஒருவருடைய திட்டத்தை இன்னொருவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இது உறுதியாகச் சொல்லக்கூடிய காரணம். உங்கள் தெருவிலும் இதேதானா என்பதற்குத் தோண்டும் அனுமதிகளின் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதை வாங்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். நாட்டிலேயே பெரிய மாநகராட்சிப் பட்ஜெட் இதுதான். ஆனால் ஒரு தெருவில் நடக்கும் வேலை அந்தப் பையிலிருந்துதான் வரும் என்று இல்லை. எம்எல்ஏ நிதி இருக்கிறது, எம்பிக்கு ஆண்டுக்கு 5 கோடி இருக்கிறது, மாவட்டத் திட்டக் குழு நிதி இருக்கிறது. குடிசைப் பகுதிச் சந்துகளிலும் கழிப்பறைகளிலும் மாநில வீட்டுவசதி அமைப்பான மாடா வேலை செய்யும். கடல் அரிப்புத் தடுப்புச் சுவரும் படகுத்துறையும் என்றால் மாநிலக் கடல்சார் வாரியமான மாரிடைம் போர்டு. கடற்கரை மணல் அரசு நிலம், மாவட்ட ஆட்சியரின் கீழ் வருவது. அதைப் பெருக்கிச் சுத்தம் செய்வது மட்டும் மாநகராட்சி. ஆகவே பலகையில் முதலில் பார்க்க வேண்டியது அந்த அழகான படத்தை அல்ல. எந்த நிதி, எந்தத் துறை நிறைவேற்றுகிறது, வேலை உத்தரவின் எண், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எத்தனை வருஷம் என்ற நாலு வரிகளை. அந்தக் கடைசி வரி மிக முக்கியம். அந்தக் காலத்துக்குள் பெயர்ந்தால் கான்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். முந்தைய மூன்று தடவையில் ஏதாவது ஒன்று இன்னும் அந்தக் காலத்துக்குள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், அதே இடத்துக்குப் புதிதாகப் பணம் ஒதுக்கியதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் சொன்ன நாலு வருஷம் ஒரு விசேஷமான காலம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட 227 கார்ப்பரேட்டர்களின் (மாநகராட்சி வார்டு உறுப்பினர்களின்) காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. நடுவில் ஏறக்குறைய நாலு வருஷம் ஆணையரே நிர்வாகி. கார்ப்பரேட்டர் இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காலையில் பால் வாங்கப் போகிற வழியில் வீட்டு வாசலில் நின்று "என்ன இது மறுபடி தோண்டுறாங்க" என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். அந்த நாலு வருஷம் அந்த வாசல் இல்லை. அதனால்தான் இவ்வளவு தோண்டல் என்பது என் ஊகம்.

சரி, கடலோரம் என்பதற்கு வருகிறேன். உள்ளே இருக்கும் புறநகரில் நடைபாதை என்றால் நடைபாதை. கடலோரத்தில் நடைபாதை என்பது தண்ணீர் போகும் வழிக்கு மேலே போட்ட மூடி. பழைய மும்பையின் மழைநீர்க் கால்வாய்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கு, அதுவும் கடல் வற்றியிருக்கும் நேரத்துக்குக் கணக்குப் போட்டுக் கட்டியவை. அதை 50 மில்லிமீட்டராக உயர்த்தும் திட்டம் 1993-லேயே அறிக்கையாக வந்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய பிறகுதான் அது வேகம் பிடித்தது. கால்வாயை அகலப்படுத்தினால் போதாது என்பதுதான் இந்த நகரத்தின் சங்கடம். நகரத்தின் கால்வாய்கள் கடலில் விழும் 186 வெளியேற்று வாய்களில் 45 சராசரிக் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன. 135 அதற்கு மேலே இருந்தாலும் கடல் ஏறும்போது மூழ்கிவிடும். எப்போதும் தண்ணீருக்கு மேலே இருப்பவை ஆறே ஆறு. இர்லா, ஹாஜி அலி போன்ற இடங்களில் பம்பிங் ஸ்டேஷன் கட்டியது இதனால்தான். கடல் ஏறும்போது கதவை மூடிவிட்டு, உள்ளே சேரும் மழைநீரை பம்ப் வைத்து வெளியே தள்ளுகிறார்கள். நாலா எனப்படும் பெரிய கால்வாய்களுக்கு இது சரி. உங்கள் தெருக் கோடியில் நேராகக் கடலிலோ கழிமுகத்திலோ போய் விழும் சின்னக் கால்வாய்க்கு அப்படி யாரும் காவல் இல்லை.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லியாக வேண்டும். பதினைந்து வருஷம் இருக்கும். வேறொரு கடலோரப் பகுதியில் சுமார் நாற்பது அறைகள் கொண்ட சால் ஒன்றின் பக்கத்துத் தெருவில் கால்வாயும் நடைபாதையும் சேர்ந்த வேலை. நான் கன்சல்டன்ட் சார்பில் சைட் இன்ஜினியர். அந்தச் சாலில் பாதி நம் ஊர்க்காரர்கள். முதல் அறையில் இட்லி வியாபாரம் செய்த ஓர் அம்மா, நாங்குநேரிப் பக்கம் சொந்த ஊர், நான் லெவல் எடுக்கும்போதே வெளியே வந்து சொன்னார்: "தம்பி, மழைத் தண்ணி ஒண்ணும் பண்ணாது. அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் ஏறுறப்போ அந்த மூலையில கட்டர்ல (சாக்கடையில) இருந்து திரும்பி வரும். ரோட்ட வேற மேல ஏத்திராதீங்க." நான் மரியாதையாகத்தான் பதில் சொன்னேன். வாட்டம் 500-க்கு ஒன்று சரியாக இருக்கிறது, தண்ணீர் நிற்காது என்றேன். வாட்டம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கால்வாயின் கடைசி வாயின் அடிமட்டம் கடல் ஏற்றத்துக்குக் கீழே இருந்தது, அங்கே ஒரு ஃபிளாப் கேட், அதாவது தண்ணீரை வெளியே மட்டும் விடும் கதவு, வேண்டும் என்று எஸ்டிமேட்டில் யாரும் எழுதவில்லை. மேலே தார் அடுக்கின்மேல் அடுக்காகப் போட்டதில் சாலையும் முக்கால் அடி உயர்ந்துவிட்டது. ஜூலை மாதப் பௌர்ணமி அன்று மழை சுமாராகத்தான் பெய்தது. கடல் கால்வாய் வழியாக உள்ளே வந்து சாலுக்குள் முழங்கால் அளவு நின்றது. வெளியே போக முடியவில்லை, சாலைதான் இப்போது கரையாக உயர்ந்து நிற்கிறதே. அந்த அம்மாவின் அரிசி மூட்டையும் உளுந்தும் கிரைண்டர் மோட்டாரும் போயின. மறுநாள் நான் போய் நின்றபோது அவர் என்னைத் திட்டவில்லை. "சொன்னேனே தம்பி" என்று மட்டும் சொன்னார். அடுத்த வருஷம் சாலையைச் செதுக்கிக் குறைத்து, வாயில் ஃபிளாப் கேட் வைத்து, சின்ன சம்ப்பும் பம்பும் போட்டு ஓரளவு சரிசெய்தார்கள். முதலிலேயே செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போல இரண்டு மடங்கு ஆனது. எங்கள் வரைபடத்தில் இல்லாத, ஆனால் வேலைக்கு மிகத் தேவையான தகவல் அவரிடம் மட்டுமே இருந்தது. அதை எழுதி வாங்கும் வழி எங்கள் முறையில் இல்லை.

ஆகவே உங்கள் தெரு விஷயத்தில் நான் முதலில் கேட்கச் சொல்வது இரண்டே எண்கள். புதுச் சாலையின், நடைபாதையின் முடிவு மட்டம் பக்கத்து வீட்டு வாசல்களைவிடக் கீழே இருக்குமா, மேலே இருக்குமா? கால்வாய் வாயின் அடிமட்டம் கடல் ஏற்றத்தோடு ஒப்பிட்டால் எங்கே இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத மேம்பாட்டுத் திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது. ஃபிளாப் கேட் வைத்தாலும் அதோடு வேலை முடிந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கடல் ஏறும்போது அது மூடிக்கொள்ளும், அந்த நேரத்தில் பெய்யும் மழை உள்ளேயே சேரும். ஒரு பிளாஸ்டிக் பை சிக்கினாலும் முழுக்க மூடாது. யார் வந்து சுத்தம் செய்வார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது உப்புக் காற்று. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, ஏனென்றால் கண்ணால் பார்க்கலாம். கடலோரக் கைப்பிடிக் கம்பிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 304 என்ற வகை சமையலறைக்கு அருமை, கடலோரத்தில் ஒரு மழைக்காலத்துக்குள் பழுப்புக் கறை படிய ஆரம்பித்துவிடும். 316 என்ற வகையில் மாலிப்டினம் இரண்டு மூன்று சதவீதம் இருக்கும், உப்பைத் தாங்கும், விலையும் கூடும். பளபளவென்று இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், காந்தம் வைத்துப் பார்த்தும் பிரிக்க முடியாது. எஸ்டிமேட்டில் எந்த எண் எழுதியிருக்கிறது, வந்த பொருளுக்கு டெஸ்ட் சர்டிஃபிகேட் எந்த எண்ணைச் சொல்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். கான்கிரீட்டும் இப்படித்தான். ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதிப்படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கடலோரக் காற்றில் குறைந்தது எம்30 தரம், அலைச் சாரல் படும் இடத்தில் எம்35, ஏற்றவற்றத்தில் நனைந்து காயும் பகுதியில் எம்40. கம்பிக்கு மேல் மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம் முறையே 45, 50, 75 மில்லிமீட்டர். கடலிலிருந்து தள்ளியுள்ள இடங்களில் வழக்கமாகப் போடும் 25 மில்லிமீட்டர் கவர் பிளாக்கை (கம்பிக்கு அடியில் இடைவெளிக்கு வைக்கும் சிறு கட்டையை) அங்கேயும் வைத்துவிட்டுப் போவதை நான் பலமுறை தடுத்திருக்கிறேன். தடுக்காமல் விட்ட இடங்களில் ஐந்தாறு வருஷத்தில் கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட் பத்தை பத்தையாக விழுந்தது. கியூரிங்குக்கு, அதாவது போட்ட கான்கிரீட் இறுகும்வரை ஈரமாக வைக்க, எந்தத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றும் பாருங்கள். கடலோரத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கும், அதை ஊற்றினால் துருவை நாமே உள்ளே விதைத்த மாதிரி. இதையெல்லாம் கவனிக்க இன்ஜினியராக இருக்க வேண்டியதில்லை. கான்கிரீட் போடும் நாளுக்கு முந்தின மாலை ஒரு ஸ்கேலோடு போய் நின்றால் கவர் பிளாக்கை அளந்துவிடலாம்.

நடைபாதைக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் அளவு இருக்கிறது. தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர், ஓரக்கல் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. அந்த 1.8 மீட்டருக்குள் விளக்குக் கம்பமும் மின்பெட்டியும் வரக்கூடாது. மரத்தைச் சுற்றி அடிவரை கான்கிரீட் போடாமல் மண் விட வேண்டும். இவையெல்லாம் எஸ்டிமேட்டில் ஒரு வரி சேர்த்தால் நடக்கும் சின்ன விஷயங்கள்.

கடலைப் பார்த்த நடைமேடை, தடுப்புச் சுவர் என்று வந்தால் மட்டும் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கச் சொல்வேன். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு அதற்குத் தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்ததும் நமக்குத் தெரிந்த கதை. புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகத் தடுப்புக் கட்டிய பிறகு கடற்கரை மணலே போய்விட்டது. மும்பைக் கரை அதே மாதிரி இல்லை. இங்கே பாறை முனைகளுக்கு நடுவே துண்டு துண்டாகக் கடற்கரைகள், மணல் ஓட்டமும் வேறு. ஆனால் செங்குத்துச் சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் காலடியில் மணலைத் தோண்டும் என்பது எந்தக் கரைக்கும் பொருந்தும். மலாடு பக்கம் அக்ஸா கடற்கரையில் கட்டிய சுவர் விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது இந்தக் கவலையால்தான். உங்கள் கரையில் அந்தச் சுவர் மணலை எடுத்துப்போகுமா என்று தொலைவிலிருந்து நான் சொல்ல முடியாது, அதற்குக் குறைந்தது ஒரு வருஷ அளவீடு வேண்டும். அந்த அளவீடு செய்தீர்களா என்று நீங்கள் கேட்கலாம். கடலோர ஒழுங்குமுறை விதிகள் 1991-இல் வந்து, 2011-லும் 2019-லும் திருத்தி எழுதப்பட்டன. அந்த மண்டலத்துக்குள் வரும் கட்டுமானத்துக்கு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் வழியாக அனுமதி வாங்க வேண்டும். அவர்களுடைய கூட்டக் குறிப்புகள் இணையத்திலேயே கிடைக்கின்றன, திட்டத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். பக்கத்தில் அலையாத்திக் காடு இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டருக்கும் பாதுகாப்பு உண்டு என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அங்கே பொதுநலத் திட்டமே ஆனாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் மரத்தை வெட்ட முடியாது.

இன்னொன்று, உங்கள் பலகைப் படத்தில் கோலி மக்கள், அதாவது இந்த ஊர் மீனவர்கள், இருக்கிறார்களா என்று பாருங்கள். வெர்சோவா போன்ற கோலிவாடாக்களில் (கோலி மீனவர் குடியிருப்புகளில்) மூங்கில் கட்டி பொம்பில் மீன் காயவைக்கும் இடம் வெளியாட்களுக்கு வெறும் காலி மணல் மாதிரி தெரியும். அதில்தான் பூச்செடித் தொட்டியும் உட்கார மேடையும் வந்து உட்காரும். மீன் உலர்த்தும் இடம், வலை பிரிக்கும் இடம், படகு ஏற்றும் சரிவு இவற்றைக் குறிக்காத வரைபடம் அரைகுறை வரைபடம். நாம் நடைப்பயிற்சி போக இன்னோர் இடம் தேடிக்கொள்ளலாம், அவர்களுக்கு அது அடுப்படி மாதிரி. இதில் எனக்கு நடுநிலை கிடையாது.

இப்போது திருட்டுக் கேள்வி. இந்த ஊரில் முறைகேடு இல்லை என்று சொன்னால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள், நானும் அப்படிச் சொல்லவில்லை. எங்கே தேட வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். மேலே தெரியும் டைலில் திருட முடியாது, எல்லாரும் பார்க்கிறார்கள். கீழே போகும் அடுக்கில் முடியும். பேவர் பிளாக்குக்கு அடியில் 150 மில்லிமீட்டர் கான்கிரீட் என்று அளவுப் புத்தகத்தில், அதாவது எம்-புக்கில், எழுதிப் பணம் வாங்கியிருப்பார்கள். கேபிள்காரர் தோண்டும்போது பள்ளத்தின் ஓரத்தில் எத்தனை இருக்கிறது என்று கண்ணால் தெரியும். அந்த நேரத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுத்து வைத்தால் அதுவே ஆதாரம். மூன்று தடவை தோண்டியதில் உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே நன்மை அதுதான். டெண்டரில் எஸ்டிமேட்டைவிட மிகக் குறைத்துக் கேட்டவருக்கு வேலை போயிருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். முப்பது சதவீதம் குறைத்துக் கேட்டவர் நஷ்டத்துக்கு வேலை செய்ய வரவில்லை, ஏதாவது ஓர் அடுக்கு மெலியும். இது என் அனுபவம், எல்லாக் கான்ட்ராக்டருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சுத்தமாக வேலை செய்தவர்களிடமும் நான் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

எப்போது பேசுவது என்பதற்கு என் பதில் எஸ்டிமேட் தயாராகும்போது. பூமி பூஜைக்குப் பிறகு சொல்லும் நல்ல யோசனைக்குக்கூட "டெண்டரில் இல்லை" என்ற பதில்தான் வரும், அது பொய்யும் இல்லை. உங்கள் விஷயத்தில் பலகை வந்துவிட்டது, ஆனால் மண்ணுக்கு அடியில் மறைந்துவிடும் வேலைகளைத் தொடங்குவதற்கு முன்னால் அளவிலும் மட்டத்திலும் திருத்தம் செய்ய இன்னும் இடம் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். மகாராஷ்டிராவில் ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொற்களுக்குள் என்று விதி, ஆகவே சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: எஸ்டிமேட் நகல், குறுக்குவெட்டுப் படம், வேலை உத்தரவு. தனி மனுவில், கடந்த நாலு வருஷத்தில் அந்தத் தெருவுக்குக் கொடுத்த தோண்டும் அனுமதிகளின் பட்டியல். அதே சட்டத்தில் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றளித்த மாதிரி கேட்கவும் உரிமை இருக்கிறது. பலருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் கேட்பதில்லை. மனுவை மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம்.

மொழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அது நியாயமான தயக்கம். நான் வந்த புதிதில் எனக்கும் இருந்தது. என் அனுபவத்தில் ஜூனியர் இன்ஜினியர் மேஜையில் மராத்தி தெரியாததைவிட விவரம் தெரியாததுதான் நம்மைப் பலவீனமாக்குகிறது. "ஃபுட்பாத் கராப் ஹை" (நடைபாதை மோசம்) என்று சொல்லும் நூறு பேரை அவர் அன்றாடம் பார்க்கிறார். வாயின் மட்டம் எவ்வளவு என்று கேட்கும் ஒருவரை வருஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பார், நாற்காலியை இழுத்துப் போடுவார். தனியாகப் போகாதீர்கள். உங்கள் கட்டடச் செயலாளர், பக்கத்துச் சாலிலிருந்து ஒருவர், கோலிவாடாவிலிருந்து ஒரு பெண்மணி, இவர்களோடு சேர்ந்து போங்கள். வாடகைக்கு இருப்பவர் என்பதால் கேட்க உரிமை இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாநகராட்சியே 1990-களின் பிற்பகுதியில் ஏஎல்எம் என்ற குடியிருப்போர் குழு முறையை ஆரம்பித்தது. உங்கள் பகுதியில் ஒன்று பதிவாகியிருக்கிறதா என்று வார்டு ஆபீஸில் கேளுங்கள். சில பகுதிகளில் அது பெயரளவில்தான் இருக்கிறது, சில இடங்களில் நன்றாக நடக்கிறது, போய்ப் பார்த்தால்தான் தெரியும். மாநகராட்சியின் 1916 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்து, புகார் எண் வாங்கி வைப்பதும் அவசியம். அது உடனே வேலையைத் தீர்க்காது, ஆனால் பின்னால் கோப்பில் தேதியோடு நிற்கும்.

இன்னும் ஒன்றே ஒன்று, இதை இந்த மாதமே செய்யலாம். அடுத்த அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் ஏறும் நேரத்தைப் பார்த்து வையுங்கள், அட்டவணை சுலபமாகக் கிடைக்கும், கோலி வீடுகளில் கேட்டால் அட்டவணை பார்க்காமலே சொல்வார்கள். நாலரை மீட்டருக்கு மேல் ஏறும் நாள் என்றால் நல்லது. மழை இல்லாத நாளாக இருந்தால் இன்னும் நல்லது, அப்போது வரும் தண்ணீர் கடலுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. தெருக் கோடியில் கால்வாய் வாயையும், உங்கள் தெருவிலேயே தாழ்வான மேன்ஹோலையும், ஒரு ஸ்கேலை நிறுத்தி நேரத்தோடு படம் எடுங்கள். உங்கள் பக்கத்துச் சாலில் அதிக வருஷம் இருக்கும் பாட்டி யார் என்று விசாரித்து, 2005-இல் தண்ணீர் எதுவரை நின்றது என்று சுவரில் கை வைத்துக் காட்டச் சொல்லி அதையும் அளந்துகொள்ளுங்கள். குறுக்குவெட்டுப் படம் கையில் கிடைத்ததும் இந்த அளவுகளோடு சேர்த்து எனக்குக் காட்டுங்கள். எந்தக் கோடு எதைச் சொல்கிறது என்று வரி வரியாக உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.